ஏழாம் அத்தியாயம்: தீர்ந்த கடனும் தீராத ஈடும்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குச் செல்லும் சாலையில் படப்பையைத் தாண்டி ஒரகடத்தை நோக்கிப் போகிறவர், பெருந்தொழிற்சாலைகளின் நீண்ட மதில்களை மட்டும் பார்த்துக்கொண்டு போவாரானால், இந்தப் பிரதேசத்தின் பாதி வாழ்க்கையைப் பாராமலே போய்விடுகிறார். மற்றப் பாதி, சாலையை விட்டு உள்ளே ஒதுங்கிய தகர ஷெட்டுகளில், மூன்று லேத்தும் ஒரு சி.என்.சி. இயந்திரமும் வைத்துக்கொண்டு, வாகனக் கம்பெனிகளுக்கு புஷ்ஷும் பிராக்கெட்டும் கடைந்து கொடுக்கும் சிறு தொழிலதிபர்களிடம் இருக்கிறது. அவர்கள் ஷெட்டை வாங்குகிறார்கள், விற்கிறார்கள். பழைய இயந்திரத்தைக் கைமாற்றுகிறார்கள். வங்கியில் கடன் பெற்றுத் தீர்த்து மறுபடியும் பெறுகிறார்கள். ஒவ்வொரு முறையும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுகிறது. அந்த ஒப்பந்தங்களில் பெரும்பாலும் ஒரு வாசகம் தவறாமல் வரும்: 'அவுட்ஸ்டாண்டிங் சார்ஜஸ்' எவையும் இல்லை என்று விற்பவர் உறுதி கூறுகிறார் என்பதே அது. இந்த ஒரு வரியைப் பொருள் அறியாமல் ஏற்றுக்கொண்டதனால் உண்டாகும் நஷ்டம், விலை பேசுகையில் அரும்பாடுபட்டுக் குறைத்த தொகையைக் காட்டிலும் பன்மடங்கு பெரிதாகிவிடக் கூடும். ஆகையால் இவ்வத்தியாயம் முழுவதையும் அந்த வரிக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

ஒரு சொல், இரு பொருள்

சார்ஜ் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நம் வழக்கில் உடனே தோன்றும் அர்த்தம் கட்டணம் என்பதே. மின்சாரக் கட்டணம், பராமரிப்புக் கட்டணம், கடனைப் பரிசீலிக்க வங்கி வாங்கும் கட்டணம், தவணை தவறினால் விதிக்கும் அபராதக் கட்டணம் ஆகிய யாவும் இதில் அடங்கும். இவை செலுத்தப்படாமல் நிற்கும்போது நிலுவை என்கிறோம். ஆனால் சட்டத்திலும் கடன் பத்திரங்களிலும் அதே சொல்லுக்கு வேறொரு பொருள் உண்டு. ஒருவருடைய சொத்து, இன்னொருவருக்குச் சேரவேண்டிய பணத்துக்கு ஈடாக நிற்குமாயின், அப்படி நிற்கும் பொறுப்புக்கும் சார்ஜ் என்றே பெயர். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் தன் 100-ஆவது பிரிவில், முறையான அடமானம் என்ற அளவுக்குப் போகாத, ஆயினும் பணத்துக்கு ஈடாக அசையாச் சொத்தைக் கட்டிவைக்கிற ஏற்பாட்டை இப்பெயரால் வழங்குகிறது. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டமோ இன்னும் விரிவாக, அடமானத்தையும் உள்ளடக்கி, கம்பெனியின் எந்தச் சொத்தின் மீதும் ஈடாக உண்டாகும் எந்த உரிமையையும் சார்ஜ் என்றே அழைக்கிறது. இவ்வத்தியாயத்தில் முதற்பொருளைக் கட்டணம் என்றும், இரண்டாவதை ஈடு என்றும் குறிப்பிடுவேன்.

இரண்டையும் வேறுபடுத்தி அறிய எளிய வழி ஒன்று உண்டு. கட்டணம் பொதுவாக ஆளைத் தொடரும். ஈடு சொத்தைத் தொடரும். கட்டணம் பாக்கி வைத்தவர் ஊரை விட்டுப் போனாலும் அது அவர் கடனே. ஈடு அப்படியன்று, அது நிலத்தோடும் இயந்திரத்தோடும் ஒட்டிக்கொண்டு, அவை யார் கைக்குப் போகின்றனவோ அவர் கைக்கே உடன் போகும்.

அவுட்ஸ்டாண்டிங், அதாவது நிலுவை, என்ற அடைமொழியும் இவ்விரண்டோடு சேரும்போது வெவ்வேறு பொருள் தருகிறது. கட்டணம் நிலுவையில் இருக்கிறது என்றால், கொடுக்கவேண்டிய தொகை மிச்சம் இருக்கிறது என்று பொருள். ஈடு நிலுவையில் இருக்கிறது என்றால், அது இன்னும் நீக்கப்படவில்லை என்பது மட்டுமே பொருள். கடன் பாக்கி ஒரு கோடியாக இருக்கலாம், ஒரு ரூபாயும் இல்லாமலும் இருக்கலாம். வங்கியில் சி.சி. என்னும் கேஷ் கிரெடிட் கணக்கு வைத்திருக்கும் தொழிலதிபர் இதைக் கண்கூடாகக் காணலாம். வாகனக் கம்பெனியிடமிருந்து பணம் வந்து சேர்ந்த நாளில் அக்கணக்கின் பற்று முழுவதும் அடைபட்டு நிற்கும். ஆயினும் அன்று மாலையே மறுபடியும் பணம் எடுக்க அவருக்கு அனுமதி இருப்பதால், சரக்கின் மீதும் இயந்திரங்களின் மீதும் வங்கிக்குள்ள ஈடு ஒரு கணமும் தளருவதில்லை. எனவே பாக்கி இல்லை என்று வங்கி கொடுக்கும் கணக்குச் சீட்டை ஈடு இல்லை என்பதற்கு அத்தாட்சியாகக் கொள்வது பெரும் பிழையாகும்.

ஈடு உண்டாகும் வழிகள்

ஈடு பெரும்பாலும் மனிதர்கள் கையெழுத்திட்டு உண்டாக்குவது. நிலப் பத்திரங்களை வங்கியில் ஒப்படைத்துக் கடன் வாங்குவது இவற்றுள் மிகச் சாதாரணமானது, வங்கிக்காரர்கள் எம்.ஓ.டி. என்று சுருக்கிச் சொல்லும் குறிப்பாணை இதற்காக எழுதப்படுவதே. இயந்திரத்தையும் சரக்கையும் தன் வசமே வைத்துக்கொண்டு அவற்றை வங்கிக்கு ஈடாக்குவதை ஹைப்பாதிகேஷன் என்கிறார்கள். பொருளையே கடன் கொடுத்தவர் கையில் ஒப்புவிப்பது அடகு. அதற்குரிய விதிகள் 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தில் உள்ளன.

குறிப்பிட்ட ஒரு பொருளின் மேல் நிலையாக நிற்கும் ஈடு ஒரு வகை. இன்று இருக்கும் இரும்புக் கம்பி நாளை புஷ்ஷாக மாறி மறுநாள் லாரியேறிப் போய்விடும் ஒரு பட்டறையில், மாறிக்கொண்டே இருக்கும் சரக்கின் மேல் மிதந்து நின்று, கடன் தவறியபோது அந்த நேரத்தில் இருப்பவற்றின் மேல் இறங்கிப் பற்றிக்கொள்ளும் ஈடு மற்றொரு வகை. 1897-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்த சாலமன் வழக்கு, கம்பெனி வேறு, அதன் முதலாளி வேறு என்ற கொள்கைக்காகவே பிரசித்தமானது. ஆனால் லண்டன் பாதரட்சை வியாபாரியான சாலமன், தமக்கென அமைத்துக்கொண்ட கம்பெனியின் சொத்துகள் மீது மிதக்கும் ஈடு பெற்றிருந்ததனாலேயே மற்றக் கடன்காரர்களுக்கு முன்னே நிற்க முடிந்தது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இவையன்றி, யாரும் கையெழுத்திடாமலே சட்டத்தின் விளைவாக எழும் ஈடுகளும் உண்டு. கிரயம் பதிவாகி உரிமை மாறிய பின்னும் விலையில் பாக்கி இருக்குமாயின், அந்தப் பாக்கிக்கு நிலத்தின் மேலேயே விற்றவருக்கு ஈடு உண்டென்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு சொல்கிறது. சரக்கு-சேவை வரி பாக்கி, வரி செலுத்த வேண்டியவருடைய சொத்தின் மேல் முதல் ஈடாக நிற்கும் என்று 2017-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் 82-ஆவது பிரிவில் கூறுகிறது. திவால் சட்டத்தின் விதிகள் மட்டுமே இதற்கு விலக்கு. தொழிலாளர்களின் வருங்கால வைப்புநிதிப் பாக்கிக்கும் 1952-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வாறே முதல் ஈடு வகுத்ததோடு, நிறுவனம் கைமாறும்போது வாங்கியவரும், தாம் பெற்ற சொத்தின் மதிப்பளவுக்கு, பழைய பாக்கிக்குச் சேர்ந்து பொறுப்பாளி என்றும் விதித்தது. உழைத்தவனுடைய பணம் ஷெட்டின் பெயர்ப்பலகை மாறியதனால் மறைந்துபோகக் கூடாது என்ற நியாயம் இதனுள் இருக்கிறது.

ஏறிய ஏட்டிலிருந்தே இறங்க வேண்டும்

இவ்வத்தியாயத்தில் வாசகர் ஒன்றே ஒன்றை மட்டும் மனத்தில் பதிப்பதானால், அது இதுவாக இருக்கட்டும்: பணம் கட்டுவதனால் கடன் தீருகிறது; ஈடோ, எந்த ஏட்டில் எழுதப்பட்டதோ அந்த ஏட்டிலேயே நீக்கி எழுதப்படும் வரையில் உலகத்தின் கண்ணுக்கு உயிரோடுதான் இருக்கிறது. அத்தகைய ஏடுகள் நான்கு.

முதலாவது, சார்பதிவாளர் அலுவலகத்தின் ஏடு. படப்பைச் சுற்றுவட்டாரத்து நிலங்களுக்குப் படப்பைச் சார்பதிவாளர் அலுவலகமே இடம். வில்லங்கச் சான்று இந்த ஏட்டின் சாரமே. பதிவுகள் இருந்தால் 15-ஆம் எண் படிவத்திலும், இல்லையெனில் 16-ஆம் எண் படிவத்திலும் வரும். முப்பது ஆண்டுக்கு வில்லங்கம் பார்க்கவேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்வதற்கு ஆதாரம் இல்லாமலில்லை. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, ஈட்டுப் பணத்துக்கு வழக்கிட 12 ஆண்டு தவணை. ஈடு வைத்தவர் அதை மீட்க வழக்கிடவோ 30 ஆண்டு தவணை. எம்.ஓ.டி. ஒன்று பதிவாகியிருந்தால், கடன் தீர்ந்தபின் வங்கி அதிகாரி கையெழுத்திட்ட ரசீது ஆவணமும் அதே அலுவலகத்தில் பதிவாக வேண்டும். அந்த ரசீதின் எண்ணும் ஆண்டும் வில்லங்கச் சான்றில் தென்படாவிட்டால், வங்கி திருப்பிக் கொடுத்த மூலப்பத்திரங்கள் விற்பவரின் பீரோவில் பத்திரமாக இருந்தாலும் ஈடு நிலுவையிலேயே இருப்பதாகத் தோன்றும்.

இரண்டாவது, கம்பெனிகளின் பதிவாளர் வைத்திருக்கும் ஏடு. விற்பவர் பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக இருந்தால் மட்டுமே இது பொருந்தும். ஈடு உண்டான 30 நாட்களுக்குள் சி.எச்.ஜி.-1 படிவத்தில் பதிய வேண்டும். கூடுதல் கட்டணங்களோடு மொத்தம் 120 நாட்கள் வரை இடமுண்டு. பதியாத ஈட்டைக் கம்பெனி கலைக்கப்படும்போது கலைப்பாளரும் மற்றக் கடன்காரர்களும் பொருட்படுத்த வேண்டியதில்லை. பதிந்துவிட்டதையோ, அந்நாள் முதல் சகலரும் அறிந்ததாகவே சட்டம் பாவிக்கும். எனக்குத் தெரியாது என்று பிறகு சொல்ல வழியில்லை. தீர்ந்ததைத் தெரிவிக்கச் சி.எச்.ஜி.-4 படிவம் உண்டு. அதற்கும் 30 நாட்கள். கூடுதல் கட்டணத்தோடு 300 நாட்கள் வரை தாக்கல் செய்யலாம். கம்பெனி தாக்கல் செய்யாமலே விட்டிருந்தாலும், கடன் அடைந்ததற்குத் திருப்தியான சாட்சியம் காட்டினால் பதிவாளரே தீர்வைக் குறித்துக்கொள்ள 83-ஆவது பிரிவு அதிகாரம் தருகிறது.

மூன்றாவது, செர்சாய் என்ற மத்தியப் பதிவகம். 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டத்தின் கீழ் அமைந்து, 2011 மார்ச் 31 முதல் இயங்கி வருகிறது. நம் பிரதேசத்துப் பட்டறைகளில் எத்தனையோ தனிநபர் உடைமையாகவோ கூட்டுத்தொழிலாகவோ நடப்பவை. அவற்றுக்குக் கம்பெனிப் பதிவாளரிடம் ஏடே கிடையாது. அத்தகைய பட்டறையின் இயந்திரத்தின் மேல் ஹைப்பாதிகேஷன் இருக்கிறதா என்று அறிய இதுவே பிரதான வழி.

நான்காவது, வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். ஷெட்டோடு சேர்த்து டெம்போவையோ சிறு லாரியையோ வாங்குகிறவர், வாகனப் பதிவுச் சான்றில் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்த்து, 35-ஆம் எண் படிவத்தின் மூலம் அது நீக்கப்பட்டதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

ஒரு ஷெட்டும் ஓர் இயந்திரமும்

இவை நடைமுறையில் எவ்வாறு வெளிப்படும் என்பதை ஓர் உதாரணத்தால் விளக்குகிறேன். ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி, படப்பைக்கு அருகில் தனக்குள்ள பத்து சென்ட் நிலத்தையும் ஷெட்டையும், ஒரு சி.என்.சி. இயந்திரத்தையும் சேர்த்து 1 கோடியே 40 லட்சம் ரூபாய்க்குத் தர முன்வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கடன்கள் யாவும் தீர்ந்துவிட்டன என்று சொல்லி, வங்கியின் கடிதத்தையும் காட்டுகிறார்கள். வாங்க வந்தவர் ஷெட்டுக்குள் சென்று இயந்திரத்தைச் சுற்றிப் பார்க்கிறார். எண்ணெய்ப் பிசுக்கு மூடிய அதன் பக்கவாட்டில் உள்ளங்கை அளவுக்கு ஒரு தகடு; துணியால் துடைத்தால், இவ்வியந்திரம் இன்ன வங்கிக்கு ஹைப்பாதிகேட் செய்யப்பட்டது என்ற எழுத்துகள் தெரிகின்றன. அந்த வங்கி, கடிதம் கொடுத்த வங்கியன்று, வேறொன்று.

பிறகு அவர் கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் அக்கம்பெனியின் ஈட்டு அட்டவணையைத் திறக்கிறார். வரிசையாக மூன்று ஈடுகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே உண்டான தேதி, மாற்றிய தேதி, தீர்ந்த தேதி, தொகை என்று கட்டங்கள். முதல் இரண்டிலும் தீர்ந்த தேதி இருக்கிறது. மூன்றாவதில் அந்தக் கட்டம் வெறுமையாக நிற்கிறது. அந்த வெறுமையான கட்டமே நாம் இதுவரை பேசிவந்த நிலுவை ஈடு. விற்பவர் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை. இயந்திரக் கடனை ஐந்தாண்டுக்கு முன்பே தீர்த்துவிட்டு, ஆடிட்டர் மாறிய குழப்பத்தில் சி.எச்.ஜி.-4 தாக்கல் செய்யாமல் விட்டிருக்கலாம். ஆனால் நாளை வாங்கியவர் அதே ஷெட்டை வைத்துக் கடன் கேட்கும்போது, அவருடைய வங்கியின் வக்கீல் முதலில் விரல் வைக்கப்போவது அந்தக் கட்டத்தின் மேல்தான்.

நம் பக்கத்தில் நடந்த பெரிய பாடம்

சிறியவர்களுக்குத்தான் இப்படி நேரும் என்று எண்ணிவிட வேண்டாம். ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் உற்பத்தியைத் தொடங்கி ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்கு, விசேஷமாகப் பெண்களுக்கு, வேலையளித்த நோக்கியா ஆலையின் கதை இந்தப் பக்கத்தார் அறிந்ததே. 2013 செப்டம்பரில் தன் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட்டுக்கு விற்பதாக அக்கம்பெனி அறிவித்தது. அதே ஆண்டில் வருமான வரித் துறை 2,000 கோடி ரூபாய்க்கு மேல் வரி கோரி, இந்தியச் சொத்துகளை முடக்கி வைத்தது. 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும், ஆலையைக் கைமாற்ற 3,500 கோடி ரூபாய் அளவிலான உத்தரவாதம் தரவேண்டும் என்ற நிபந்தனையைத் தளர்த்தவில்லை. 2014 ஏப்ரல் 25-இல் உலகளாவிய அந்த விக்கிரயம் பூர்த்தியானபோது, ஸ்ரீபெரும்புதூர் ஆலை மட்டும் அதில் சேராமல் தனியே நின்றது. அவ்வாண்டு நவம்பர் 1-இல் உற்பத்தியும் நின்றது.

சட்டத்தின் கண்ணில் அது விருப்பத்தோடு கொடுத்த ஈடன்று. வரித் துறை செய்த தற்காலிக முடக்கம். ஆயினும் வாங்குகிறவரைப் பொறுத்தவரை விளைவு ஒன்றே: சொத்தின் மேல் இன்னொருவரின் கோரிக்கை தீராமல் நிற்கும் வரையில் அது சுத்தமாகக் கைமாறாது. வரி நடவடிக்கை நடந்துகொண்டிருக்கும்போது செய்யப்படும் சொத்து மாற்றம், சில விலக்குகளுக்கு உட்பட்டு, வரித் துறைக்கு எதிராகச் செல்லாது என்று 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 281-ஆவது பிரிவில் சொன்னதன் உள்நோக்கமும் இதுவே.

மின்சாரப் பாக்கி: கட்டணமா, ஈடா?

கட்டணம் ஆளைத் தொடரும் என்று மேலே கூறிய பொது விதிக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை உண்டு. பழைய உரிமையாளர் வைத்துப்போன மின் கட்டணப் பாக்கியைப் புதியவர் கட்டவேண்டுமா என்ற கேள்விக்கு, கே.சி.நினன் எதிர் கேரள மாநில மின்சார வாரியம் என்ற வழக்கில் 2023 மே 19 அன்று உச்ச நீதிமன்றம் விரிவாக விடையளித்தது. வெளிப்படையான விதி இல்லாவிட்டால் மின் பாக்கி தானாகவே சொத்தின் மேல் ஈடாகிவிடாது. ஆனால் அந்த இடத்துக்கு மின்சாரம் மறுபடியும் வேண்டுமானால் பழைய பாக்கியைக் கட்டவேண்டும் என்று விதிமுறை இருக்குமாயின், அந்நிபந்தனை செல்லும். உள்ளது உள்ளபடியே என்று ஏலத்தில் எடுப்பவரையும் இது கட்டும். மின்சாரம் இல்லாத லேத் பட்டறையால் என்ன பயன்? பெயரளவில் அது கட்டணமே. நடைமுறையில் அது ஈட்டைப் போலவே இடத்தைப் பற்றிக்கொள்கிறது.

செய்ய வேண்டியவை

1. முன்பணம் கொடுப்பதற்கு முன்னர், மேலே சொன்ன நான்கு ஏடுகளில் பொருந்துவன யாவற்றையும் பார்த்து, பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வில்லங்கச் சான்று சுத்தமாக இருப்பதே போதும் என்று நின்றுவிடாதீர்கள். அது பதிவான நிலப் பத்திரங்களை மட்டுமே காட்டும், வரிப் பாக்கியையோ இயந்திரத்தின் மேலுள்ள ஈட்டையோ காட்டாது.

2. மனை, மாநில அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட்டின் குத்தகையில் உள்ளதாயின், விற்பவரிடம் இருப்பது குத்தகை உரிமையே என்பதை உணர்ந்து, மாற்றத்துக்கு சிப்காட்டின் அனுமதியையும், அங்கே பாக்கி இல்லை என்பதற்கான கடிதத்தையும் கேளுங்கள்.

3. மின் இணைப்பு எண்ணைப் பெற்றுப் பாக்கியை நேரில் சரிபாருங்கள். சொத்து வரி, சரக்கு-சேவை வரி, வைப்புநிதி ஆகியவற்றின் கடைசிச் செலானைக் கண்ணால் காணுங்கள்.

4. கடன் பாக்கி இருந்தால், முழுப் பணத்தையும் விற்பவர் கையில் கொடுக்காதீர்கள். இன்ன தேதி வரை இன்ன தொகை கட்டினால் ஈட்டை விடுவிப்போம் என்று வங்கியிடம் எழுத்து மூலம் பெற்று, அத்தொகையை அக்கடன் கணக்கிலேயே நேராகச் செலுத்துங்கள். அபராதக் கட்டணம் சேர்த்திருந்தால் கணக்கைக் கவனியுங்கள்: அபராதத்தை அசலோடு கூட்டி அதற்கும் வட்டி போடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட் 18 அன்று அறிவுறுத்தியிருக்கிறது.

5. ஒப்பந்தத்தில் சார்ஜ் என்ற ஒற்றைச் சொல்லை விட்டுவிட்டு, இரு பொருளையும் பிரித்து எழுதச் சொல்லுங்கள். இவ்வாறு எழுதலாம்: 'அட்டவணைச் சொத்தின் பேரிலும் இயந்திரங்களின் பேரிலும் உள்ள சகல ஈடுகளையும், அவை பதிவாகியிருக்கும் ஒவ்வொரு பதிவேட்டிலும், கிரய தேதிக்கு முன்னர் விற்பவர் தம் செலவில் நீக்கி, அதற்குரிய சான்றுகளை வாங்குபவர் வசம் ஒப்புவிக்கக் கடமைப்பட்டவர். கிரய தேதி வரைக்குமான வரி, மின் கட்டணம், தொழிலாளர் பாக்கி முதலிய நிலுவைகளையும் விற்பவரே செலுத்த வேண்டியது.'

6. ஈடு நீங்கும் வரையில் விலையில் ஒரு பகுதியை நிறுத்திவைக்கும் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். எவ்வளவு தொகை, எந்தச் சான்று வந்தால் விடுவிப்பது என்பவை எழுத்தில் இருக்கட்டும்.

கடனைத் தீர்க்கும் நாளில்

இதுகாறும் வாங்குபவரை நோக்கிப் பேசினேன். ஆனால் இன்று வாங்குகிறவரே நாளைக்கு விற்கிறவர். தனிநபர்கள் பெறும் வீட்டுக்கடன் போன்றவற்றில், கடன் தீர்ந்த 30 நாட்களுக்குள் மூலப்பத்திரங்களைத் திருப்பிக் கொடுத்து, பதிவான ஈடுகளையும் நீக்கவேண்டும் என்றும், தன் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் கொடுக்கவேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் உத்தரவிட்டு, அவ்வாண்டு டிசம்பர் 1 முதல் அமலுக்குக் கொண்டுவந்தது. தொழிற்கடன் பெற்றவர் அந்த உத்தரவை நம்பி வீட்டில் இருந்துவிடலாகாது. கடைசித் தவணையைக் கட்டிய அன்றே, ரசீது ஆவணம் பதிவு செய்து தரவும், செர்சாய் பதிவை நீக்கவும், கம்பெனியாக இருந்தால் சி.எச்.ஜி.-4-இல் கையொப்பமிடவும் கோரி வங்கி மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதி, அதன் நகலில் ஒப்புகை முத்திரை பெற்றுக்கொள்ள வேண்டும்.

கடைசித் தவணை கட்டிய மனிதருக்கு, அன்று இரவு நிம்மதியாகத் தூக்கம் வரும், வருவது நியாயமே. பத்தாண்டு காலம் மாதம் தவறாமல் உழைத்துக் கட்டிய பணம் அது. ஆனால் ஏட்டில் அவர் பெயருக்கு எதிரே அந்த ஒரு கட்டம் வெறுமையாக இருக்கும் வரையில், அந்த உழைப்புக்கு எழுத்துச் சாட்சியம் இல்லை. ஆகையால் மறுமாதமே ஒரு முறை வில்லங்கச் சான்றுக்கு விண்ணப்பித்து, ரசீதின் எண் அதில் ஏறியிருப்பதைத் தம் கண்ணாலேயே பார்த்து, அந்தத் தாளை மூலப்பத்திரங்களோடு சேர்த்துக் கட்டி வைக்கட்டும். தீர்ந்த கடனை ஏடும் அறிந்த நாளே அது தீர்ந்த நாள்.